கும்மிக்குக் கேட்பவர்கள் கிடையாது

அன்பு மகளுக்கு,

நீ கேட்ட பாட்டுகளை அனுப்பத் தொடங்கிவிட்டேன். உன் அப்பத்தா பாடிய முளைப்பாரிப் பாட்டும் நடவுப் பாட்டும் நேற்றே வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்திருக்கும். மெல்பர்னில் ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்து பொங்கல் விழாவில் கும்மி வைக்கப்போகிறீர்கள் என்று கேட்டதிலிருந்து எனக்கு மனசு நிறைந்து கிடக்கிறது. ஆனால் நீ எழுதியிருந்த ஏற்பாடு சரியாகப் படவில்லை. குரல் நன்றாக உள்ள மூன்று பேர் மைக் முன்னால் நின்று பாடுவது, மற்றவர்கள் அதற்குக் கைதட்டி ஆடுவது, கூட்டம் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பது என்று எழுதியிருந்தாய். கும்மி அப்படி உண்டானதே இல்லை. அந்த இடத்தில் பாடாதவர் என்று ஒருவரும் இருக்கக் கூடாது.

நீ சின்ன வயதில் பார்த்ததுதான். ஆனால் வட்டத்துக்கு நடுவே என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற உனக்கு, அது எப்படி ஓடுகிறது என்பது தெரிந்திருக்காது. முதலில் ஒருத்தி 'தன்னானே தானானே' என்று எடுப்பாள். அதில் அர்த்தம் ஒன்றும் இல்லை. மெட்டு இதுதான், வேகம் இதுதான், எந்த இடத்தில் கை தட்ட வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கும் வேலையை அந்தத் தன்னானே செய்துவிடும். அது நிலைபட்டதும் அவள் முதல் வரியைப் பாடுவாள். அதே வரியை மற்ற எல்லோரும் திருப்பிப் பாடுவார்கள். அவ்வளவுதான். பாட்டை முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டியதில்லை. புதிதாகக் கல்யாணமாகி ஊருக்கு வந்த பெண்கூட அன்று ராத்திரியே முழுப் பாட்டையும் பாடிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

இதில் இன்னொரு சூட்சுமம் உண்டு. மற்றவர்கள் திருப்பிப் பாடும் அந்த நேரம்தான் எடுத்துக்கொடுப்பவளுக்கு அடுத்த வரியை யோசிக்கக் கிடைக்கும் நேரம். நினைவில் இருப்பது வந்தால் அதைப் பாடுவாள், வராவிட்டால் புதிதாகக் கட்டுவாள். தங்கம், வெள்ளி, முத்து, பவளம் என்று வரிசை மாற்றிப் போடுவாள், எதிரே நிற்பவளின் அண்ணன் பெயரைச் செருகுவாள். இதனால்தான் ஒரே பாட்டு பக்கத்து ஊரில் வேறு மாதிரி இருக்கிறது. அப்பத்தா பாடியதில் நீ இணையத்தில் கேட்ட வரிகள் இல்லையே, எது சரி என்று கேட்டிருந்தாய். இரண்டும் சரிதான். திருப்பிப் பாட ஆள் இருக்கிறவரை பாட்டு வளர்ந்துகொண்டே போகும். ஆள் இல்லாதபோது, கடைசியாக யார் பதிவு செய்தார்களோ அவர்கள் பாடியபடியே நின்றுவிடும். எனக்கு இதுதான் பெரிய கவலை.

முளைப்பாரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், உன்னோடு ஆடுகிறவர்களுக்கும் வாசித்துக் காட்டு. சாமிக்குக் காப்புக் கட்டியதும் ஓட்டில், சட்டியில் வைக்கோல் பரப்பி, கரம்பை மண்ணும் மாட்டெருவும் போட்டு, தட்டைப்பயறு, மொச்சை மாதிரி விதைகளைத் தூவுவார்கள். வெளிச்சம் படாத ஒரு வீட்டுக்குள் அதை வைத்துவிடுவார்கள். விரதம் இருக்கும் பெரிய மனுஷி ஒருத்தி மட்டும் உள்ளே போய்த் தண்ணீர் தெளிப்பாள். வெயில் படாததால் முளை பச்சையாக இல்லாமல் வெளிர் மஞ்சளாக நெட்டுக்கு வளரும். உள்ளே முளை வளரும் அத்தனை ராத்திரியும் வெளியே முளைக்கொட்டுத் திண்ணையைச் சுற்றிப் பெண்கள் கும்மி அடிப்பார்கள். விதை வாங்கப் போனது, எரு எடுத்தது, ஓடு வாங்கியது, முளை விட்டது என்று பாட்டு அந்த வேலையையே வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகும். கடைசி நாள் எல்லோரும் தலையில் வைத்து ஊர்வலமாகக் கொண்டுபோய்க் கண்மாயிலோ ஊருணியிலோ கரைப்பார்கள். முளை நன்றாக வந்தால் அந்த வருஷம் விளைச்சல் நன்றாக இருக்கும் என்று நம்பிக்கை. அதனால் அந்தப் பாட்டைப் பாடுகிறவளுக்கு அது பொழுதுபோக்கு இல்லை. இருட்டு வீட்டுக்குள் இருக்கும் விதைக்குக் கேட்கட்டும் என்றுதான் அத்தனை சத்தமாகப் பாடுவோம்.

நடவுப் பாட்டைப் பதிவு செய்தபோது ஒன்று நடந்தது. திண்ணையில் உட்கார வைத்துப் போனை முன்னால் நீட்டினால் அப்பத்தாவுக்கு இரண்டு வரிக்கு மேல் வரவில்லை. மறந்துபோச்சு என்று கையை விரித்துவிட்டார்கள். சரி, நட்டுக் காட்டுங்கள் என்றேன். உட்கார்ந்தபடியே இடது கையில் நாற்று முடியைப் பிடித்த மாதிரி வைத்துக்கொண்டு, வலது கை விரல்களைக் கீழே ஊன்றி ஊன்றி எடுத்தார்கள். பாட்டு தானாக வந்துவிட்டது! பதிவில் நடுநடுவே அவர்கள் மூச்சு வாங்குவது கேட்கும், அதை வெட்டிவிடாதே. குனிந்து பின்னால் நகர்ந்துகொண்டே நடுகிறவர்களுக்கு எந்த இடத்தில் மூச்சு வேண்டுமோ அந்த இடத்தில்தான் வரி முடியும். இந்தக் கணக்கு உனக்குப் பாடும்போது உதவும்.

கிணற்றில் ஏற்றம் இறைக்கும்போது பாடும் ஏற்றப்பாட்டைப் பற்றியும் கேட்டிருந்தாய். அதை நம் ஊரில் பாடத் தெரிந்தவர் இப்போது இல்லை. எத்தனை சால் இறைத்தோம் என்று எண்ணுவதற்கும் அந்தப் பாட்டுதான் கணக்கு. பம்புசெட் வந்தது, எண்ண வேண்டிய தேவை போனது, பாட்டும் போய்விட்டது. நடவுக்கும் இப்போது இயந்திரம் வருகிறது. முதுகு ஒடிய வேலை பார்த்தவர்களுக்கு இயந்திரம் வந்தது நல்லதுதான், அதில் எனக்கு வருத்தம் இல்லை. வேலை போனாலும் பாட்டு நிற்க வேண்டும் என்றால் சேர்ந்து பாட வேறு ஒரு காரணம் வேண்டும். நீங்கள் அங்கே கூடுவது அப்படி ஒரு காரணம். அதனால்தான் இவ்வளவு தூரம் எழுதுகிறேன்.

ஒப்பாரியை மேடையில் பாடலாமா என்று உன் சிநேகிதி கேட்டாளாமே. வேண்டாம் என்று சொல். சாவு விழாத வீட்டுக்குள் ஒப்பாரி பாட நம் பெண்கள் சம்மதிக்கமாட்டார்கள். பாட்டுச் சேகரிக்க வந்தவர்களிடம்கூட, வீட்டுக்குள் வேண்டாம், தோப்புக்கு வாங்க என்று கூட்டிப்போய்ப் பாடிக் காட்டியவர்கள் உண்டு. தோளோடு தோள் கட்டி உட்கார்ந்து, ஒருத்தி சொல்லி அழ மற்றவர்கள் சேர்ந்து அழும் பாட்டு அது. செத்தவருக்காக அழும் சாக்கில், மாமியார் வீட்டில் பட்டது, அண்ணன் தம்பி கைவிட்டது எல்லாவற்றையும் ஒரு பெண் ஊர் நடுவே வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு இருந்த ஒரே இடம். அதைக் கைதட்டலுக்கு வைக்க எனக்கு மனசு வரவில்லை.

இன்னொரு விஷயம். ஊர்ப் பாட்டு என்றதும் ஊரே ஒன்றாகப் பாடியது என்று மேடையில் அறிமுகம் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. ஒரு தெருப் பெண்கள் அடித்த கும்மி வட்டத்தில் இன்னொரு தெருப் பெண்கள் கை கோக்க முடியாத ஊர்கள் நிறைய. பறை அடித்தவர்களின் தாளம் திருவிழாவுக்கு வேண்டியிருந்தது, அவர்கள் மட்டும் கோயிலுக்கு வெளியே நின்றார்கள். நீ இதை மறைத்துப் பேசாதே. முக்கியமாக, உங்கள் வட்டத்தில் யார் எந்த ஊர், என்ன ஆட்கள் என்ற பேச்சே வரக் கூடாது. நம் பாட்டில் விட்டுவிட வேண்டியது அது ஒன்றுதான்.

தமிழ் டீச்சராக இருந்தவள் என்பதால் இதையும் சொல்கிறேன். பெண்கள் காய்களைத் தூக்கிப்போட்டுப் பிடித்துக்கொண்டே பாடும் அம்மானை ஆட்டத்தில் ஒருத்தி ஒன்றைச் சொல்வாள், அடுத்தவள் அதிலிருந்து கேள்வி கேட்பாள், மூன்றாமவள் பதில் சொல்லி முடிப்பாள். சிலப்பதிகாரத்திலேயே அம்மானைப் பாட்டு இருக்கிறது. திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்து வில்லுப்பாட்டிலும் தலைமைப் புலவர் தனியாகப் பாடிக்கொண்டிருக்கமாட்டார், எதிர்ப்பாட்டுப் பாட இடப்பக்கத்தில் ஆள் உண்டு. பதில் சொல்ல ஆள் வைத்தே கட்டிய பாட்டுகள் இவை.

அதனால் இப்படிச் செய்யுங்கள். மேடையை விட்டு இறங்குங்கள். மண்டபத்தின் நடுவில் நாற்காலிகளை எடுத்துவிட்டு வட்டம் போடுங்கள். முதல் பாட்டுக்கு மிகச் சுலபமான மெட்டாக எடுத்து, தன்னானேயை நாலைந்து சுற்று பாடவிடுங்கள். கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களில் யாருக்காவது கை தானாக எழும், அவர்களை உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் சுற்றி நின்று திருப்பிப் பாடட்டும். பாட்டை அச்சடித்துக் கையில் கொடுக்காதே, தாளைப் பிடித்த கையால் கும்மி அடிக்க முடியாது. எடுத்துக்கொடுப்பவள் உச்சத்தில் தொடங்கினால் பிள்ளைகளும் வயதானவர்களும் பின்தங்கிவிடுவார்கள். கொஞ்சம் தணிந்த குரலில், மெதுவாகத் தொடங்கி, கடைசியில் வேகம் கூட்டலாம். ஒருத்தி வரி தவறிவிட்டால் நிறுத்த வேண்டாம், தன்னானேக்குத் திரும்பிவிட்டால் போதும். முடிக்கும்போது குலவை போட மறக்காதே. உனக்கு வரும், போன தடவை வந்தபோது போட்டாயே.

நான் அனுப்பும் ஒவ்வொரு பாட்டுக்கும் பாடியவர், ஊர், எந்தச் சமயத்தில் பாடுவது என்று குறித்து வை. நா. வானமாமலை 1964-ல் வெளியிட்ட 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' தொகுப்பில் சேகரித்தவர் பெயர், இடம், வட்டாரச் சொல்லுக்கு அர்த்தம் என்று பாட்டோடு சேர்த்தே கொடுத்திருப்பார். நம் வீட்டுப் பிரதியை ஸ்கேன் எடுத்து அனுப்புகிறேன், அதே மாதிரி எழுது. நீங்கள் அங்கே புதிதாகக் கட்டும் வரிகளையும் கட்டியவள் பெயரோடு அதில் எழுது. டிராம் வண்டியும் குளிரும் கும்மிப் பாட்டில் வரட்டுமே, என்ன இப்போ?

ஒத்திகையை வீடியோவில் எடுத்து அனுப்பு. அப்பத்தா பார்த்துவிட்டுத் தாளத்தில் எங்கே இடிக்கிறது என்று சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டால் நாங்கள் இருவரும் இருப்போம். கீழத்தெரு சின்னம்மாவிடம் இன்னும் இரண்டு கோலாட்டப் பாட்டு இருக்கிறதாம், அறுப்பு முடிந்ததும் போய்ப் பதிவு செய்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா