கவனக்குறைவு என்று கையெழுத்துப் போட்டோம்

கோவை,
ஞாயிறு மாலை

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பாப்பா ஓசூரில் சேஃப்டி ஆபீசராகச் சேர்ந்துவிட்டாள் என்ற இடத்தை இவளுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். "நம்ம மடியில உட்கார்ந்து முறுக்கு தின்ன குழந்தை" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இங்கே எல்லோரும் சுகம். மழை வந்தால் எனக்கு முழங்கால் வலிக்கிறது, அவ்வளவுதான். பெரியவன் பெங்களூரிலேயே வீடு பார்த்துவிட்டான். தோட்டத்துத் தென்னையில் வெள்ளை ஈ விழுந்து மட்டையெல்லாம் கருத்துக் கிடக்கிறது.

நீ எழுதியிருந்த ஒரு விஷயம் இந்த ஐந்து நாளாக என்னை விடவில்லை. "ஹெல்மெட் மாட்டியிருக்கானா, ஷூ போட்டிருக்கானா என்று பார்க்கிற வேலைக்கு இவ்வளவு படிப்பா என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள், எனக்கும் பதில் தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறாய். பதில் உனக்குத் தெரியும் முருகேசா. 1983-ல் தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது அதைக் கண்ணால் பார்த்தவர்கள் நாம்.

அந்தோணியின் வலது கை இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. போனஸ் கணக்கு முடிவதற்குள் ஆர்டரை அனுப்ப வேண்டும் என்று மூன்றாவது நாளாக ஓவர்டைம். தகடு வெட்டும் பவர் பிரஸ்ஸில், கை உள்ளே போகாமல் தடுக்கும் கார்டு இருந்தால் தகடு வைத்து எடுக்க நேரமாகிறது என்று போர்மேனே அதைக் கழற்றி மூலையில் சாய்த்து வைத்திருந்தார். பெடலை மிதித்தால் பஞ்ச் இறங்கும். ஒரு தடவை கால் முந்திக்கொண்டது, கை பின்தங்கியது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. மறுநாள் ஆபீசில் ஒரு தாளை நீட்டினார்கள். "தொழிலாளியின் கவனக்குறைவால் ஏற்பட்ட விபத்து" என்று எழுதியிருந்தது. சாட்சி என்ற இடத்தில் நீயும் நானும் கையெழுத்துப் போட்டோம். நமக்கு அப்போது இருபது வயது. வேலை போய்விடும் என்ற பயம். அதைவிட முக்கியமாக, அது உண்மைதான் என்றே நாம் நம்பினோம். அந்தோணியும் நம்பினான்.

அந்த ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்று தேடித்தான் நான் இந்தச் சட்டங்களைப் படிக்க ஆரம்பித்தேன். பிறகு அதுவே என் பிழைப்பாகி, இருபத்திரண்டு வருஷம் மில்லில் சேஃப்டி ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றேன். பாப்பா தன் வேலையின் பூர்வீகத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், அவளுக்கும் படித்துக் காட்டு.

இங்கிலாந்தில் 1835-ல் ஒரு கசாப்புக் கடைக்காரர் தன்னிடம் வேலை பார்த்த பிரீஸ்ட்லி என்ற பையனை இறைச்சி ஏற்றிய வண்டியில் அனுப்பினார். அளவுக்கு மீறிய பாரம். வண்டி உடைந்து பையனின் தொடை எலும்பு முறிந்தது. வழக்குப் போட்டான். ஜூரி 100 பவுண்டு கொடுக்கச் சொன்னது. ஆனால் 1837-ல் மேல் நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. நீதிபதி அபிங்கர் பிரபு சொன்ன காரணம் இதுதான்: இப்படி ஒவ்வொன்றுக்கும் முதலாளி பொறுப்பேற்க வேண்டுமென்றால், வேலைக்காரி ஈரப் படுக்கையை விரித்ததற்கும் அவரே பதில் சொல்ல வேண்டியிருக்கும். வண்டி தாங்குமா தாங்காதா என்பது முதலாளிக்குத் தெரிகிற அளவு பையனுக்கும் தெரிந்திருக்கும், பயமாக இருந்தால் ஏறாமல் இருந்திருக்கலாமே.

இந்தத் தீர்ப்பின் மேல்தான் ஒரு பெரிய தடுப்புச் சுவரையே எழுப்பினார்கள். கூட வேலை பார்ப்பவனின் தவறால் அடிபட்டால் முதலாளிக்குப் பொறுப்பில்லை. ஆபத்து தெரிந்தே வேலைக்கு வந்தால் பொறுப்பில்லை. உன் தவறும் கொஞ்சம் இருந்தால் சுத்தமாகப் பொறுப்பில்லை. பிரிட்டனில் முதல் விதியை முழுதாக ஒழிக்க 1948 ஆயிற்று. நூற்றுப் பதினோரு வருஷம்!

சட்டமே இல்லாமல் இல்லை. 1802-லேயே, பஞ்சாலைகளில் அப்ரண்டிஸாக வேலை செய்த அநாதைக் குழந்தைகளுக்காக ஒன்று வந்தது. வருஷத்துக்கு இரண்டு முறை சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஆனால் போய்ப் பார்க்கச் சம்பளத்துக்கு ஆள் வைக்கவில்லை. 1833-ல் வந்த சட்டத்தில்தான் சம்பளம் கொடுத்து இன்ஸ்பெக்டர்களை வைத்தார்கள், மொத்தமே நாலு பேர். இயந்திரத்தை மூடி வை என்ற கட்டளை 1844-ல் வந்தது. நம் நாட்டுக்கு முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-ல் வந்தது. ஏழு வயதுக்குக் குறைந்த குழந்தைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது, அப்படியானால் அதற்கு முன் என்ன நிலைமை என்று நினைத்துப் பார். பம்பாய் மில்களின் மலிவான கூலியோடு போட்டி போட முடியாத லங்காஷயர் முதலாளிகளின் நெருக்குதலும் அதன் பின்னால் இருந்தது. ஆனாலும் வந்தவரை நல்லதுதான்.

திருப்பம் என்று நான் நினைப்பது இரண்டு நிலக்கரிச் சுரங்க வழக்குகள். முதலாவது 1937-ல் தீர்ந்தது. ஸ்காட்லாந்தில் ஷிப்ட் முடிந்து வெளியே நடந்து வந்துகொண்டிருந்த இங்கிலிஷ் என்ற தொழிலாளி, இழுவை இயந்திரத்தை ஓட்டிவிட்டதால் நசுங்கினார். "நாங்கள் தகுதியான மேனேஜரை வைத்துவிட்டோம், அவர் பார்த்துக்கொள்ள வேண்டியது" என்றது கம்பெனி. அது எடுபடவில்லை. சரியான ஆட்கள், சரியான இயந்திரம், பாதுகாப்பான வேலைமுறை இந்த மூன்றும் முதலாளியின் சொந்தக் கடமை, வேலையை வேறொருவரிடம் ஒப்படைக்கலாம், கடமையை ஒப்படைக்க முடியாது என்று தீர்ப்பு வந்தது.

இரண்டாவது 1949. வேல்ஸில் முட்டுக் கொடுக்காத சுரங்கப் பாதை சரிந்து எட்வர்ட்ஸ் என்பவர் இறந்துபோனார். எல்லாப் பாதைக்கும் முட்டுக் கொடுக்க முடியுமா என்று கேட்டார்கள். நீதிபதி அஸ்க்வித் ஒரு தராசைக் காட்டினார். ஒரு தட்டில் ஆபத்தை வை. மறு தட்டில் அதைத் தடுக்க ஆகும் பணம், நேரம், சிரமத்தை வை. செலவு ஆபத்தைவிட மிக மிக அதிகமாக இருந்தால் மட்டுமே "முடியாது" என்று சொல்லலாம். அதோடு, இந்த எடை போடுகிற வேலையை விபத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டும்.

முருகேசா, இதை முதல்முறை படித்த ராத்திரி நான் தூங்கவில்லை. ஒரு தட்டில் அந்தோணியின் இரண்டு விரல், மறு தட்டில் கழற்றி வைத்த கார்டை மாட்ட ஆகும் பத்து நிமிஷம். ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த கார்டு அது! பெடலை எடுத்துவிட்டு, இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் ஓடும் பட்டன் வைத்திருந்தால் அவன் எவ்வளவு தூங்கி வழிந்தாலும் கை உள்ளே போயிருக்காது. களைத்த மனிதன் தவறுவான் என்பதைக் கணக்கில் எடுத்துத்தான் இயந்திரத்தை அமைக்க வேண்டும். பாப்பா படித்த பாடத்திலும் இதே வரிசைதான் இருக்கும். முதலில் ஆபத்தையே ஒழி, முடியாவிட்டால் மாற்று, அப்புறம் தடுப்புப் போடு, அப்புறம் விதிமுறை, எல்லாம் முடிந்து கடைசியில்தான் ஹெல்மெட், ஷூ, கையுறை. உன் சொந்தக்காரர்கள் அந்தக் கடைசிப் படியை மட்டும் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள்.

வேல்ஸ் என்றதும் அங்கே அபர்ஃபான் என்ற ஊரில் நடந்ததைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை. 1966 அக்டோபர் 21, காலை ஒன்பதேகால். சுரங்கக் கழிவை மலை மேல் ஊற்றுக் கண்ணின் மீது கொட்டிக் குவித்திருந்தார்கள். அது சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியது. 144 பேர் செத்தார்கள், அதில் 116 குழந்தைகள். விசாரணையில், தன் பிள்ளை இறந்ததற்குக் காரணம் மூச்சுத்திணறல் என்று எழுத வேண்டாம், "தேசிய நிலக்கரி வாரியத்தால் உயிரோடு புதைக்கப்பட்டது" என்று எழுதுங்கள் என்றார் ஒரு தகப்பன். உள்ளூர் நகராட்சி இன்ஜினியர் 1963-லேயே, பள்ளிக்குப் பின்னால் கழிவு கொட்டுவது ஆபத்து என்று கடிதம் எழுதியிருந்தார். வாரியத்தில் ஒருவருக்கும் தண்டனை கிடையாது. மிச்சக் குவியலை அகற்ற, ஊர் உலகம் அனுப்பிய நிவாரண நிதியிலிருந்தே 150,000 பவுண்டு எடுத்துக்கொண்டார்கள். அதைத் திருப்பிக் கொடுத்தது 1997-ல்.

அந்த வாரியத்தின் தலைவராக இருந்த ராபன்ஸ் பிரபுவைத்தான் 1970-ல் பிரிட்டன் அரசு வேலைப் பாதுகாப்புச் சட்டங்களைச் சீரமைக்கும் குழுவுக்குத் தலைவராக்கியது. இதை என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. ஆனாலும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 1972-ல் அவர் கொடுத்த அறிக்கையிலிருந்து பிறந்த 1974-ம் ஆண்டுச் சட்டம் நல்ல சட்டம். அதுவரை இந்த இயந்திரத்துக்கு இந்தக் கம்பி, அந்தத் தொட்டிக்கு அந்த மூடி என்று ஐந்நூறு விதித்தொகுப்புகள் குவிந்திருந்தன. புதிய சட்டம் ஒரே வீச்சில், ஆபத்தை உண்டாக்குகிறவரே அதைக் கண்டுபிடித்து, முடிந்த அளவு தடுக்க வேண்டும் என்றது. எழுதி வை, தொழிலாளிகளைக் கலந்து பேசு என்றது. முடியாது என்றால் ஏன் முடியாது என்று நிரூபிக்கும் பாரத்தை முதலாளி மேல் வைத்தது. 1974-ல் அங்கே வேலையில் இறந்த தொழிலாளர்கள் 651 பேர். 2023-24 கணக்கில் 138. சுரங்கமும் உருக்காலையும் மூடிப்போனதும் இதற்கு ஒரு காரணம், ஆனால் அது மட்டுமே காரணமில்லை.

ஒரு இடத்தில் மட்டும் அவரோடு எனக்கு உடன்பாடில்லை. விபத்துகளுக்கு முக்கியக் காரணம் அலட்சியம் என்று அந்த அறிக்கை சொல்கிறது. அபர்ஃபானில் யார் அலட்சியமாக இருந்தார்கள்? கீழே இருந்தவர்கள் கடிதம் மேல் கடிதம் எழுதினார்கள். கேட்கும் இடத்தில் இருந்தவர்கள் கேட்கவில்லை. நாம் கையெழுத்துப் போட்ட அதே சொல் அங்கேயும் வேறு சட்டை போட்டுக்கொண்டு நிற்பதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

போபாலிலும் அதுதான் நடந்தது. 1984 டிசம்பர் 2 ராத்திரி விஷவாயு வெளியேறியபோது குளிர்விக்கும் இயந்திரம் நிறுத்தப்பட்டிருந்தது, வாயுவை எரிக்க வேண்டிய கோபுரத்தின் குழாய் கழற்றிக் கிடந்தது. பின்னால் கம்பெனி தரப்பு வாதாடியது என்ன தெரியுமா? அதிருப்தியடைந்த ஒரு தொழிலாளி வேண்டுமென்றே தொட்டியில் தண்ணீர் விட்டான் என்று. அத்தனை ஆயிரம் உயிர் போன பிறகுதான் 1987-ல் நம் நாட்டின் 1948 தொழிற்சாலைச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்து முதலாளியின் பொதுக் கடமையை எழுதினார்கள். நிரூபிக்கும் பாரத்தை அவர் மேல் வைக்கும் 104ஏ பிரிவும் அப்போதுதான் வந்தது. எட்வர்ட்ஸின் தராசு நம் ஊருக்கு வந்து சேர முப்பத்தெட்டு வருஷம்.

சரி, இப்போது சொல்லப்போவதுதான் என்னை ரொம்ப நாளாக உறுத்துகிறது. இழப்பீட்டுச் சட்டம் நம் நாட்டில் 1923-லேயே இருந்தது. வேலையில் அடிபட்டால் யார் தவறு என்று பார்க்காமல் கொடுக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. குடித்திருந்தாலோ, வேண்டுமென்றே கார்டைக் கழற்றியிருந்தாலோதான் சிக்கல். வெறும் கவனக்குறைவு, பணத்தை மறுக்கக் காரணமே அல்ல. கார்டைக் கழற்றியவர் போர்மேன். அந்தோணிக்குக் கிடைத்தது ஆஸ்பத்திரிச் செலவும் வாட்ச்மேன் வேலையும். அவனுக்குச் சேர வேண்டிய பணம் இருந்தது முருகேசா. நமக்குத் தெரியவில்லை.

பாப்பா வேலை பார்க்கப் போவது புதிய சட்டத்தின் கீழ். பழைய 1948 சட்டத்துக்குப் பதிலாக 2020-ல் நிறைவேறிய வேலைப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஆயிரம் பேர் இருந்தால்தான் சேஃப்டி ஆபீசர் என்றிருந்ததை 500 ஆக்கியிருக்கிறார்கள், அது நல்லது. ஆனால் மின்சாரத்தில் ஓடும் இடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்றிருந்தது இப்போது 20. பத்துப் பேர் இருக்கும் இடத்திலும் முதலாளிக்குப் பொதுவான கடமைகள் உண்டுதான், ஆனாலும் பதினாலு பேர் இருந்த நம் பட்டறை இன்றைக்குத் தொழிற்சாலையே ஆகாது. விரல் போவதெல்லாம் பெரும்பாலும் அப்படிப்பட்ட இடங்களில்தான் என்பதை நாம் பார்த்திருக்கிறோம்.

இன்னொன்று. உடனடி ஆபத்து என்று தோன்றினால் முதலாளிக்கும் இன்ஸ்பெக்டருக்கும் சொல்லும் உரிமை தொழிலாளிக்கு இருக்கிறது. வேலையை நிறுத்திவிட்டு வெளியே வரும் உரிமையும் தெளிவாக எழுதப்பட வேண்டும் என்பது என் ஆசை. 2013-ல் டாக்கா பக்கத்தில் ரானா பிளாசா இடிந்ததை டிவியில் பார்த்தோமே. முந்தின நாளே சுவரில் விரிசல். கீழே இருந்த வங்கியையும் கடைகளையும் மூடிவிட்டார்கள். மேல் மாடிகளில் துணி தைக்கும் பெண்களை மட்டும் வேலைக்கு வரச் சொன்னார்கள். 1,134 பேர் செத்தார்கள். பயமாக இருந்தால் ஏறாமல் இருந்திருக்கலாமே என்று அந்தப் பெண்களிடம் எந்த நீதிபதி சொல்ல முடியும்? மாதச் சம்பளம் நின்றுபோகும் என்று தெரிந்துதானே ஏறினார்கள்.

சின்ன நல்ல செய்தி ஒன்றும் சொல்கிறேன். போன மாதம் இவளோடு ஜவுளிக்கடைக்குப் போனேன். கவுண்டருக்குப் பின்னால் பெண்கள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்கள். தொழிற்சாலையில் நின்று வேலை செய்பவருக்கு உட்கார இடம் வேண்டும் என்று 1948 சட்டத்தின் 44-வது பிரிவிலேயே இருந்தது. கடைக்காரப் பெண்களுக்கு அது வர 2021-ல் தமிழ்நாடு சட்டம் திருத்த வேண்டியிருந்தது. இவள் ஒரு புடவைக்குப் பதில் இரண்டு எடுத்துவிட்டாள், எனக்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

பாப்பாவிடம் ஒன்றே ஒன்று சொல். விபத்து அறிக்கையில் யாராவது "கவனக்குறைவு" என்று எழுதிக்கொண்டு வந்தால் உடனே கையெழுத்துப் போட வேண்டாம். கார்டு எங்கே இருந்தது, யார் கழற்றினார்கள், அவன் எத்தனை மணி நேரமாக வேலையில் இருந்தான், இதற்கு முன் யாராவது புகார் சொன்னார்களா என்று கேட்டு, அந்தப் பதில்களை எழுதச் சொல்லட்டும்.

அந்தோணி இப்போது காந்திபுரம் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறான். சித்திரையில் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "என் கவனம்தான் அன்னைக்கு எங்கேயோ போயிருச்சு" என்று அவனாகவே சொன்னான், நாற்பது வருஷத்துக்கு மேலாகியும். பந்தியில் வைத்து என்னால் ஒன்றும் பேச முடியவில்லை. ஆவணி பிறந்ததும் நீ இங்கே வா. இரண்டு பேருமாகப் போய், அந்தத் தாளில் எழுதியிருந்தது பொய், அதில் கையெழுத்துப் போட்டவர்கள் நாங்கள் என்று அவனிடம் சொல்லிவிட்டு வருவோம். தனியாகப் போக எனக்குத் தைரியம் வரவில்லை.

தங்கச்சியையும் பாப்பாவையும் கேட்டதாகச் சொல். வரும் தேதியை முன்கூட்டியே எழுது, ஸ்டேஷனுக்கு வருகிறேன்.

உன்,
தண்டபாணி