மெஷின் நிற்கலாம், வைத்தியம் நிற்கலாமா?

மதிப்பிற்குரிய டீன் அவர்களுக்கும், கருவிகளை வாங்கிப் பராமரிக்கும் பொறுப்பில் உள்ள உயர் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

கதிர்வீச்சுப் பிரிவில் புற்றுநோய்க்குக் கதிர் வைக்கும் லினாக் மெஷின் போன வாரம் மறுபடியும் படுத்துவிட்டது. பின்னணியை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, கோப்பு உங்கள் மேசைக்குத்தான் வந்திருக்கும். எங்களுக்கு வந்தது கதவில் ஒட்டிய அரைத்தாள் ஒன்று. 'மெஷின் பழுது. திங்கட்கிழமை வரவும்.' எந்தத் திங்கட்கிழமை என்று அதில் போடவில்லை. அடுத்து வந்த திங்கட்கிழமை போனோம். தாள் அப்படியே இருந்தது.

என் அக்காவுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய். மெஷினால் வெளியிலிருந்து கதிர் வைக்கும் வெளி கரண்ட் 25 தடவை, வாரம் ஒரு கீமோ, அதற்கப்புறம் உடம்புக்குள்ளேயே கதிர் வைக்கும் உள் கரண்ட் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். பொறுமையாக விளக்கவும் செய்தார். அவர் மீதோ, கணக்குப் போட்டுத் தரும் பிசிக்ஸ் சார் மீதோ, மெஷின் ஓட்டும் தம்பிகள் மீதோ எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. மெஷின் நின்ற அன்று ஜனங்களிடம் ஏச்சு வாங்குகிறவர்கள் அவர்கள்தான். அதனால்தான் இந்த மடலை அவர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றே ஒன்று. மெஷின் நின்றால் வைத்தியம் நிற்கக் கூடாது. விட்டுப்போன நாட்களை எப்படி ஈடுகட்டுவது என்று எழுத்தில் ஒரு ஏற்பாடு வேண்டும்.

ஒரு வாரம் தள்ளிப்போனால் என்னம்மா, மொத்தத்தில் 25 கிடைத்துவிடுகிறதே என்று காப்பீட்டு உதவி மேசையில் ஒருவர் ஆறுதல் சொன்னார். அது அப்படி இல்லை என்பது உங்களுக்குத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன். கரண்டை ஒரே அடியாக வைக்காமல் தினம் கொஞ்சமாக வைப்பதே இடைவெளியில் நல்ல செல்கள் தேறிக்கொள்ளட்டும் என்றுதான். இடைவெளி நீண்டால் தப்பிப் பிழைத்த புற்றுச் செல்களும் தேறிக்கொள்கின்றன. அதுவும் சிகிச்சை தொடங்கிச் சில வாரம் ஆனபின் அவை முன்னைவிட வேகமாகப் பெருகுகின்றன. கர்ப்பப்பை வாய்க்கு வெளி கரண்ட், உள் கரண்ட் இரண்டும் சேர்ந்து 8 வாரத்துக்குள், அதாவது 56 நாளுக்குள் முடிய வேண்டும் என்பது உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட கணக்கு. அதைத் தாண்டும் ஒவ்வொரு நாளுக்கும் நோய் கட்டுப்படும் வாய்ப்பு அரை சதவீதத்திலிருந்து ஒரு சதவீதம் வரை குறைவதாக ஆய்வுகள் சொல்கின்றன. தொண்டை, நாக்குப் புற்றுநோய்க்கும் இதே கதைதான். அவர்களுக்கு 35 தடவை, 7 வாரம். எங்களோடு உட்காரும் ஒரு அண்ணனுக்கு வாயெல்லாம் புண், கஞ்சிகூட மூக்குக் குழாயில்தான் போகிறது. முகம் அசையாமல் இருக்க அவர் அளவுக்குச் செய்த மாஸ்க், உடம்பு இளைத்ததில் லொடலொடவென்று ஆகிவிட்டது. அவரிடமும் அதே தாளைத்தான் காட்டினார்கள்.

பிரிட்டனில் இந்த வகை நோயாளிகளுக்குச் சிகிச்சைக் காலம் குறித்ததைவிட 2 நாளுக்கு மேல் நீளக் கூடாது என்று அங்குள்ள கதிரியக்க மருத்துவர்களின் ராயல் கல்லூரி வழிகாட்டி எழுதி வைத்திருக்கிறது. அங்கேயும் மெஷின் பழுதாகிறது. மெஷின் என்றால் பழுதாகத்தான் செய்யும். பழுதானால் யாரை எங்கே அனுப்புவது, எந்தச் சனிக்கிழமை வரச் சொல்வது என்று முன்னாலேயே முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். இங்கே பசையும் தாளும் தயாராக இருக்கின்றன.

அக்காவின் சிகிச்சை அட்டையை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். தேதி, எத்தனையாவது தடவை, கையெழுத்து. 9க்குக் கீழே 10 இருக்கிறது. நடுவில் எத்தனை நாள் போயிற்று, ஏன் போயிற்று என்று எழுத அதில் கட்டமே கிடையாது. தேதிகளை யாராவது கூட்டிக் கழித்தால் தெரியும், ஆனால் கூட்டிக் கழிக்க யாருக்கும் உத்தரவில்லை. கடைசியில் 25க்கு 25 என்று முடியும். காப்பீட்டுக்கு அது போதும், ஆண்டறிக்கைக்கும் அது போதும். பத்து வருடம் கழித்து இந்த ஊரில் ஏன் இத்தனை பேருக்கு நோய் திரும்பி வந்தது என்று யாராவது கேட்டால், அட்டைகளெல்லாம் சுத்தமாகத்தான் இருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் சொல்லாமல் விட்டால் உங்களுக்குத் தெரியாமலே போகும்.

அடிவயிற்றில் கரண்ட் வைக்கும் பெண்களுக்கு ஒரு விதி உண்டு. முதலில் ஒன்றுக்குப் போய்விட்டு வந்து, அரை லிட்டர் தண்ணீர் குடித்து, முக்கால் மணி, ஒரு மணி நேரம் அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். மூத்திரப்பை நிறைந்திருந்தால் குடல் மேலே ஒதுங்கும், அதன் மீது கதிர் படுவது குறையும். நல்ல காரணம். எல்லாரும் சொன்னபடி கேட்கிறார்கள். எழுத்து தெரியாத ஒரு பெரியம்மா பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு வைத்துக்கொண்டு அந்த அளவு மாறாமல் குடிப்பார். ஏற்கெனவே கரண்டினால் வயிற்றுப்போக்கு வேறு. விடியற்காலை பஸ்ஸில் ஏறும்போதே வழியில் வந்துவிடக் கூடாது என்று பலர் வெறும் வயிற்றோடு வருகிறார்கள்.

அன்று மெஷின் நடுவில் நின்றது. மெஷினைக் குளிர வைக்கும் சில்லர் கோளாறு என்றார்கள். 'அஞ்சு நிமிஷம் இருங்கம்மா, சரியாயிடும்.' பெண்கள் கழிப்பறை தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் இருக்கிறது. பூட்டியிருந்தது, சாவி யாரிடம் என்று தெரியவில்லை. போய்விட்டு வந்தால் மறுபடியும் குடித்து மறுபடியும் காத்திருக்க வேண்டும், அதற்குள் பெயர் கூப்பிட்டால் முறை போய்விடும். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பெரியம்மா பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கால்மேல் கால் பின்னி, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். ஐந்து நிமிடம் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதன்பின் ஒருவர் வந்து, 'இன்னிக்கு இல்ல, எல்லாரும் கிளம்புங்க' என்றார். பெரியம்மா எழுந்தார். அடக்க முடியவில்லை.

நாங்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டோம். அவர் முந்தானையாலேயே தரையைத் துடைத்தார். விடுங்கம்மா என்று அக்கா கையைப் பிடித்தும் விடவில்லை. துடைத்துக்கொண்டே எங்கள் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டியவர் அவரா என்பதை உங்கள் யோசனைக்கு விடுகிறேன்.

'திடீர்ப் பழுது, என்ன செய்ய முடியும்' என்று பதில் வரும். சில்லர் திடீரென்று போகலாம். ஆனால் எல்லாமே திடீர் அல்ல. உள் கரண்ட் வைக்கும் கருவியில் இருக்கிற இரிடியம் 192 என்ற கதிர்ப்பொருளின் வலு சுமார் 74 நாளில் பாதியாகிவிடும், மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். பக்கத்து அறையில் பூட்டிக் கிடக்கும் பழைய கோபால்ட் மெஷினில் உள்ள கோபால்ட் 60 ஐந்தேகால் வருடத்தில் பாதியாகும். அப்போது 2 நிமிடம் வைத்தவருக்கு 4 நிமிடம் வைக்க வேண்டும், வரிசையும் இரண்டு மடங்காகும். இதெல்லாம் அமாவாசை தேதி மாதிரி முன்கூட்டியே தெரிந்தவை. அமாவாசை திடீரென்று வந்துவிட்டது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் அணு உலை ஓடுகிற மாநிலம் இது. பாபா அணு ஆராய்ச்சி மையம் வடிவமைத்த பாபாட்ரான் என்ற கோபால்ட் கருவி இந்த நாட்டிலேயே தயாராகிறது. மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் பார்னார்டு கதிரியக்க நிலையம் 1934ல் திறந்தார்கள். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி 1954ல் அடையாற்றில் 12 படுக்கையோடு ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். முன்னோடி மாநிலம் என்று மேடையில் சொல்வதில் தப்பே இல்லை. எங்கள் லினாக் திறப்பு விழாவுக்கும் வாழைமரம் கட்டினார்கள், கல்வெட்டு வைத்தார்கள். கல்வெட்டு இன்றுவரை பழுதாகவில்லை. பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற நாளையும் ஒரு விழாவாக வைத்தால் என்ன? ரிப்பன் செலவை நோயாளிகளின் வீட்டுக்காரர்கள் நாங்களே போட்டுக்கொள்கிறோம்.

கேட்க வந்ததை விட்டு எங்கோ போகிறேன். மன்னிக்க வேண்டும்.

மெஷின் நின்றால் வைத்தியம் நிற்கக் கூடாது என்றேன். நடக்காத காரியத்தைக் கேட்கவில்லை. அக்காவை வேறு மருத்துவமனைக்கு மாற்றலாமா என்று விசாரித்தபோது, காப்பீட்டு ஒப்புதல் இங்கே வாங்கியிருக்கிறது, பாதியில் மாற்ற வழியில்லை என்றார்கள். பணம் கட்டிப் பார்ப்பதென்றால் வெளியே லட்சக் கணக்கில் கேட்கிறார்கள். ஒரு மெஷினுக்குப் போட்ட திட்டத்தை அப்படியே இன்னொன்றில் ஓட்ட முடியாது, பல நேரம் சிடி ஸ்கேன் எடுப்பதிலிருந்து தொடங்க வேண்டும் என்று பிசிக்ஸ் சார் சொன்னதும் புரிகிறது. அதனால்தான் நின்றபின் யோசிக்காமல் நிற்கும் முன்னே யோசியுங்கள் என்கிறோம். அக்கம்பக்கத்து மாவட்டங்களில் ஒத்த மெஷின் இருக்கும் அரசு மருத்துவமனையோடு முன்கூட்டியே பேசி வைக்கலாம். பாதியில் மாறுகிறவர்களுக்குக் காப்பீடு கூடவே போகும்படி ஓர் ஆணை போடலாம். மெஷின் சரியான பிறகு சனிக்கிழமை ஓட்டலாம். டாக்டர்கள் சரி என்றால் ஒரே நாளில் குறைந்தது 6 மணி நேர இடைவெளி விட்டு இரண்டு தடவை வைத்து நாட்களைப் பிடிக்கலாம், இதுவும் நடைமுறையில் உள்ளதுதான். அதற்கு ஆட்களுக்குக் கூடுதல் நேரப் படி கொடுக்க வேண்டியிருக்கும். கொடுங்கள். ஏற்கெனவே ஓய்ந்துபோயிருக்கிற அந்தத் தம்பிகளை வெறும் உத்தரவால் சனிக்கிழமையும் வரவழைக்க வேண்டாம்.

மார்புப் புற்றுநோய்க்கு 5 வாரம் வைத்து வந்ததை 3 வாரத்தில் 15 தடவையாக முடிப்பது இப்போது வழக்கத்துக்கு வந்துவிட்டது. பொருத்தமானவர்களுக்கு ஒரே வாரத்தில் 5 தடவை போதும் என்று பிரிட்டனில் நடந்த ஆய்வு 2020ல் வெளியானது. யாருக்கு எது என்பது டாக்டர்கள் முடிவு, நான் தலையிடவில்லை. வரிசை குறைந்தால் எல்லாருக்கும் நல்லது என்பதால் சொல்கிறேன்.

கதவில் தாள் ஒட்டுவதென்றால் ஒட்டுங்கள். தேதி போடுங்கள், காரணம் போடுங்கள், ஒரு போன் நம்பர் போடுங்கள். எங்கள் செல் நம்பர் எல்லாம் பதிவேட்டில் இருக்கிறது. முதல் நாள் இரவே ஒரு எஸ்எம்எஸ் வந்தால் மூன்று பஸ் மாறி வருகிறவர் வீட்டிலேயே இருப்பார். பெண்களுக்கு இலவசப் பயணம் டவுன் பஸ்ஸில்தான், வெளியூர் பஸ்ஸுக்குக் காசு கொடுத்துத்தான் வருகிறோம். கழிப்பறைப் பூட்டை எடுத்துவிடுங்கள். இதற்கு டெண்டர் வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன்.

அட்டையில் ஒரு கட்டம் சேருங்கள். விட்டுப்போன நாள் எத்தனை, ஈடுகட்டியது எப்படி என்று டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். எழுதினால்தான் கேட்க முடியும், கேட்டால்தான் அடுத்த முறை சில்லர் போகும்போது யாராவது ஓடுவார்கள்.

மெஷின் இப்போது ஓடுகிறது. அக்காவுக்கு வெளி கரண்ட் முடியும் தறுவாயில் இருக்கிறது. அடுத்தது உள் கரண்ட். இரிடியம் வலு குறைந்துவிட்டது, புதிது வர வேண்டும் என்று பிரிவில் பேசிக்கொள்கிறார்கள். எப்போது வரும் என்று கேட்டால் மேலே எழுதியிருக்கிறோம் என்கிறார்கள். மேலே என்றால் நீங்கள்தான். அவளுடைய 56 நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. எந்தத் தேதியில் வரும், அந்தத் தேதிக்கு வராவிட்டால் எங்களை எங்கே அனுப்புவீர்கள் என்ற இரண்டுக்கும் இந்த வாரத்துக்குள் எழுத்தில் பதில் தரும்படி மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கதிர்வீச்சுப் பிரிவில் காத்திருக்கும் ஒரு நோயாளியின் தங்கை