கொறங்காட்டுக் கணக்கை யாரைக் கேட்டு எழுதுவது?

காங்கேயம் வட்டாரத்துக் கிராம சபைக்காரர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2002ஆம் வருடத்துப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியும் ஊர்க்காரர்களைக் கேட்டு மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதி வைக்கவேண்டும். ஊரில் என்னென்ன செடி, மரம், கால்நடை உண்டு, அவற்றைப் பற்றி மக்களுக்கு என்ன தெரியும் என்பதைச் சொல்லும் கணக்கு அது. 2020 ஜனவரிக்குள் முடிக்கச் சொல்லிப் பசுமைத் தீர்ப்பாயம் கெடு வைத்தது. கெடுவுக்குப் பயந்து எழுதினால் எப்படி இருக்கும்? எங்கள் ஊர்ப் பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். 'மேய்ச்சல் நிலம்' என்று ஒரு வரி, எந்த ஊருக்கும் பொருந்துகிற மரப்பட்டியல், அவ்வளவுதான்.

வேலி போட்டு மேய்ச்சலுக்கென்றே விட்டிருக்கும் நம் கொறங்காடு ஒரு வரியில் அடங்குமா? சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், ஊடே வெள்வேல். கோடையில் புல் காய்ந்தாலும் உதிர்ந்த வெள்வேலங்காயைத் தின்று ஆடுகள் ஒப்பேற்றிவிடும். எப்போது படலைத் திறப்பது, எத்தனை நாள் அடைத்துப் போட்டுப் புல்லைத் தழையவிடுவது, வேலிக்குக் கிளுவைப் போத்தை (வெட்டிய கிளையை) எந்த மாதம் நடுவது என்பதெல்லாம் பட்டாதாரரைவிடக் குத்தகைக்குப் பிடித்து மேய்ப்பவருக்கும் வேலி கட்டுகிற ஆளுக்கும் நன்றாகத் தெரியும். அவர்கள் தெருவுக்கு யாரும் நோட்டோடு போவதில்லை. கோயில் திண்ணை, பெரிய வீட்டு வாசல், அதோடு சரி.

1960களில் பிரெண்டா பெக் என்ற மானிடவியலாளர் வெளிநாட்டிலிருந்து வந்து ஓலப்பாளையத்தில் தங்கி, கொங்கு நாட்டு வாய்மொழிக் கதையான அண்ணன்மார் கதையை ஒலிநாடாவில் பிடித்தார். நல்ல காரியம். இப்போது எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறது. நாமே செய்ய என்ன தடை?

அக்டோபர் 2 சபையில் பதிவேட்டைப் புதுப்பிக்கத் தீர்மானம் போடுங்கள். எழுதுகிற குழுவில் காலனியிலிருந்தும் ஆள் இருக்கட்டும், பால் கறக்கும் பெண்களும் இருக்கட்டும். பெயர் போடலாமா என்று கேட்டுவிட்டுப் போடவேண்டும். மருந்து தெரிந்த பாட்டி "இதை எழுதாத கண்ணு" என்றால் பேனாவை மூடிவிடவேண்டியதுதான். எழுதியதைச் சபையில் உரக்க வாசிக்கவேண்டும். சண்டை வரும், வரட்டும். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதிக்கொள்ளலாம். அப்புறம், ஒரு பிரதி ஊர் நூலகத்தில் இருக்கவேண்டும்.

கொறங்காடுகள் மனையாகவும் சோலார் பண்ணையாகவும் மாறுகின்றன. சும்மா கிடக்கிற நிலம் என்று எவராவது வரைபடத்தில் குறிக்கும்போது எடுத்துக்காட்ட நம் கையில் ஒரு தாளாவது வேண்டாமா?

எங்கள் ஊரில் வீடு வீடாகப் போக நான் தயார். கூட ரெண்டு பேர் வந்தால் போதும்.

இப்படிக்கு,
காங்கேயம் பக்கத்து ஆடு வளர்ப்பவன்