ஒப்புக்குச் சப்பாணி

பாப்பா,

நேற்று ராத்திரி நீ போனில் கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "ஞாயித்துக்கிழமை ஆட்டம் இன்னும் நடக்குதாப்பா, பொம்பளப் புள்ளைங்க வர்றாங்களா" என்று கேட்டாய். வர்றாங்க என்று சொல்லிவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அந்தக் கேள்வி எங்கே போய்க் குத்தியது என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரிந்திருக்கும். இன்றைக்குப் பட்டறைக்கு மதியத்துக்கு மேல்தான் வருவேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் அந்த வார்த்தையைச் சொல்கிறேன். இங்கிலாந்தில், பிரிஸ்டலில் உன்னோடு பார்க்கில் கால்பந்து ஆடுகிறவர்கள் தங்களை அனார்க்கிஸ்ட் என்று சொல்லிக்கொள்கிறார்கள் என்று நீ முதல் மாதமே சொன்னாய், அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. நம் பேப்பரில் அராஜகம் என்று போட்டால் கடையை உடைத்தார்கள், பஸ்ஸைக் கொளுத்தினார்கள் என்றுதானே அர்த்தம். ராஜா இல்லாதது, அவ்வளவுதாம்ப்பா என்று நீதான் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாய். அதே ஊரில் 1992இல் தொடங்கிய ஈஸ்டன் கவ்பாய்ஸ் என்ற கிளப்காரர்கள், 1999இல் மெக்சிகோவில் சியாபாஸ் வரைக்கும் போய், தங்களைத் தாங்களே ஆண்டுகொள்ளும் சபாடிஸ்டா விவசாயிகளின் ஊர்களில் பந்து ஆடிவிட்டு வந்தார்கள் என்று சொன்னதும் உன்னிடம் கேட்டதுதான். அதையெல்லாம்விட என்னை ஆட்டிவிட்டது மரடோனா ஆடி வளர்ந்த கிளப்பின் கதை. 1986இல் பக்கத்து வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்து அவரைப் பார்த்தவன் நான், அப்புறம் எத்தனை வருஷம் அவர் படம் நம் பட்டறைச் சுவரில் இருந்தது. 1904இல் அந்த அர்ஜென்டினோஸ் ஜூனியர்ஸ் கிளப்பைத் தொடங்கியவர்களில் ஒரு கூட்டம் அதற்கு முன்னால் தங்கள் அணிக்கு வைத்திருந்த பெயர் 'சிகாகோ தியாகிகள்' என்று நீ சொல்லும்வரை எனக்குத் தெரியாது. எட்டு மணி நேர வேலைக்காகக் கிளம்பி, 1887இல் தூக்கில் போடப்பட்ட அந்த நாலு அனார்க்கிஸ்டுகளின் நினைவாக வைத்த பெயர். மே தினத்துக்கு வருஷா வருஷம் கொடி கட்டுகிறோம், அதற்கும் மரடோனாவுக்கும் இப்படி ஒரு நூல் ஓடுகிறது என்று யார் நினைத்தது?

சரி, நம் ஆட்டத்துக்கு வருகிறேன். நகரமலை அடிவாரத்தில் மனைக்கல் நட்ட அந்தக் காலி இடம்தான், கல்லில் இடித்துக்கொள்ளாத முழங்கால் ஒன்று கிடையாது. யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை, அனார்க்கிஸ்ட் என்ற வார்த்தையும் அங்கே யாருக்கும் தெரியாது. ஆனால் ரெஃப்ரி கிடையாது. கையில் பந்து பட்டால் பட்டவனே நின்று சொல்லிவிட வேண்டும். அடி பட்டவன் ஃபவுல் என்றால் ஃபவுல், அவனோடு வாதாடக் கூடாது. வெளியே அடித்தவன்தான் பந்தை எடுத்து வர வேண்டும், முள்ளுக்குள் போனாலும். போங்கு ஆட்டம் ஆடினால் அடுத்த வாரம் அணி பிரிக்கும்போது அவனோடு உத்திக்கு ஜோடி சேர ஆள் வராது, அதைவிடப் பெரிய தண்டனை எதுவும் எங்களுக்குத் தேவைப்படவில்லை. இது ஏதோ விவரம் இல்லாதவர்கள் ஆட்டம் என்று சிலர் சொல்வார்கள். 1863இல் லண்டனில் கால்பந்துச் சங்கம் எழுதிய முதல் விதிகளில்கூட நடுவர் என்று ஒரு ஆள் இல்லை, தகராறு வந்தால் கேப்டன்கள் பேசித் தீர்த்துக்கொண்டார்கள், 1891இல்தான் நடுவர் கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள்ளேயே வந்தார்.

உத்தி பிரிப்பதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. கேப்டன்கள் ஆளாளாகப் பொறுக்கினால் கடைசியில் ஒரு பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு நிற்கும். உத்தியில் அது இல்லை, சம பலம் உள்ள இரண்டு பேர் தோளில் கை போட்டுத் தள்ளிப் போய் ரகசியமாகப் பெயர் வைத்துக்கொண்டு கேப்டன்களிடம் வந்து, "வானத்தை வில்லா வளைச்சவன் வேணுமா, மணலைக் கயிறாத் திரிச்சவன் வேணுமா" என்று கேட்பார்கள். யார் எந்தப் பக்கம் போனாலும் அணி சமமாகத்தான் இருக்கும். ஒன்பது வயதிலேயே நீ பால்காரர் பையனுக்கு ஜோடியாக நின்றவள், அவன் உன்னைவிட இரண்டு வயது பெரியவன்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். உனக்குப் பதிமூன்று வயது இருக்கும்போது ஒரு டோர்னமென்ட் வந்தது. கோப்பை, ரொக்கப் பரிசு, ஒரு கடைக்காரர் எடுத்துக் கொடுத்த பனியன், எல்லாம் பார்த்து எங்கள் எல்லாருக்கும் ஆசை வந்துவிட்டது. பாரத்தில் ஆண்கள் என்று போட்டிருந்தது. நான் ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்டிருக்கலாம், உன்னைச் சேர்த்தால்தான் வருவோம் என்று சொல்லியிருக்கலாம், கேட்கவில்லை. பதினோரு பேரைப் பொறுக்கினதே நான்தான். அன்று சாயங்காலம் பழக்க ஆட்டத்தில் நீ வழக்கம்போல் ஜோடி தேடி நின்றபோது, எல்லார் முன்னாலும், "நீ ஒப்புக்குச் சப்பாணியா இருந்துக்கோ பாப்பா" என்று சொன்னேன். நாலு வயதுக் குழந்தையை அழாமல் இருப்பதற்காகச் சேர்த்துக்கொள்ளும் இடத்தில் உன்னை நிறுத்தினேன். நீ ஒன்றும் பேசாமல் செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாய், அதற்கப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

1920 டிசம்பரில் லிவர்பூலில் பெண்கள் ஆடிய ஒரு ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் வந்திருந்தார்களாம். அடுத்த வருஷமே இங்கிலாந்துச் சங்கம், கால்பந்து பெண்களுக்கு ஏற்றதில்லை என்று தீர்மானம் போட்டுத் தன் மைதானங்களை அவர்களுக்கு மூடிவிட்டது, அந்தத் தடை 1971 வரை ஓடியது. இதைப் படித்தபோது அவர்கள் மேல் கோபம் வந்தது, உடனே என் நினைப்பும் வந்தது. அங்கே அதற்குப் பெரிய மனிதர்கள் கூடித் தீர்மானம் போட வேண்டியிருந்தது. இங்கே உன் அப்பன் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டேன். மன்னித்துக்கொள் கண்ணு. பன்னிரண்டு வருஷம் தாமதமாகக் கேட்கிறேன்.

அந்த டோர்னமென்டில் என்ன ஆயிற்று என்பதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. இரண்டாவது ஆட்டத்தில் ஒரு பெனால்டிக்காக எங்களுக்குள்ளேயே கைகலப்பாகி, பனியனுக்கு யார் எவ்வளவு கொடுத்தது என்ற கணக்கு வரைக்கும் போய், இரண்டு வருஷம் அந்த இடத்தில் ஆட்டமே இல்லாமல் கிடந்தது. திரும்ப ஆரம்பித்தது பொடிசுகள்தான், பெரியவர்கள் யாரும் கூப்பிடவில்லை. நாங்கள் வெட்கப்பட்டுக்கொண்டு ஓரமாகப் போய் நின்றோம், சேர்த்துக்கொண்டார்கள்.

இப்போது ஏழெட்டுப் பெண் பிள்ளைகள் வருகிறார்கள், கொலுசைப் பற்றவைக்கப் பொடி வைத்து ஊதுகிற நம் பட்டறைப் பெண் உட்பட. அவள் அடிக்கிற இடது கால் அடியை நீ பார்க்க வேண்டும். போன மாதம் எல்லாருமாக ஏற்காட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளைகளோடு ஆடப் போனோம், இருபது கொண்டை ஊசி வளைவிலும் பொடிசுகள் பஸ்ஸில் கத்திக்கொண்டே வந்தார்கள். அங்கே மைதானம் என்பது காப்பிச் செடிக்கும் சில்வர் ஓக் மரத்துக்கும் நடுவில் ஒரு சரிவு. மேலிருந்து அடிக்கிறவர்களுக்கே கோல் விழும் என்பதால் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுவது அவர்கள் வழக்கம். மூன்று கோல் வித்தியாசம் வந்தால் முன்னால் இருக்கிற அணியிலிருந்து ஒருவர் எதிர்ப்பக்கம் போய்விட வேண்டும். அதை யார் கண்டுபிடித்தது என்று கேட்டேன். அவர்களுக்குத் தெரியவில்லை, எப்பவும் அப்படித்தான் என்றார்கள். ஆட்டம் முடிந்து எண்ணிக்கை கேட்டபோது ஆளுக்கு ஒன்று சொன்னார்கள், அதற்குள் டீ வந்துவிட்டது.

அப்புறம், நீ சொன்ன மூணு பக்க ஆட்டத்தையும் போன ஞாயிறு ஆடிப் பார்த்தோம். அஸ்கர் யோர்ன் என்ற டென்மார்க் ஓவியர் யோசித்தது என்றாயே, அதுதான். பதினெட்டுப் பேர், ஆறு ஆறாகப் பிரிந்து, செருப்பை வைத்து மூன்று கோல். யார் அதிகம் போட்டார்கள் என்று பார்க்காமல் யார் குறைவாக வாங்கினார்கள் என்று பார்ப்பது பெரியவர்களுக்குப் புரியவே அரை மணி நேரம் ஆயிற்று, பொடிசுகளுக்கு ஒரு நிமிஷம்தான். ஆனால் ஒரு சிக்கல். இரண்டு அணி முதலிலேயே கூட்டுச் சேர்ந்துகொண்டு மூன்றாவதை அமுக்கு அமுக்கு என்று அமுக்கிவிட்டார்கள், அந்த அணியில் இருந்த கடைக்குட்டி அழுதுவிட்டான். அதைத் தடுக்க ஒரு விதி போடலாம் என்று சிலர், விதி வேண்டாம், பேசிக்கொள்ளலாம் என்று சிலர், முடிவாகவில்லை. அங்கே நீங்கள் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுது, பாப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

அப்பா