மண்ணில் வைரஸ் தேடும் வேலை

அன்புள்ள அக்கா,

"படிக்கப் போனவள் வைரஸோடு விளையாடிக்கொண்டிருக்கிறாள்" என்று நீ அம்மாவிடம் சொன்னாயாம். ஃபோனில் சொன்னால் பாதிதான் போய்ச் சேருகிறது, அதனால் எழுதுகிறேன், அம்மாவுக்கும் படித்துக் காட்டு. முதலில் அம்மாவின் பயத்துக்குப் பதில். நான் தேடுவது ஃபேஜ் என்கிற வகை வைரஸ், பாக்டீரியாவை மட்டும் தாக்கும், மனித செல்லுக்குள் நுழைந்து பெருக அதற்குத் தெரியாது. அதற்கு இரையாக நாங்கள் வளர்க்கும் பாக்டீரியாவின் பெயர் மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாட்டிஸ். காசநோய்க் கிருமிக்குச் சொந்தம்தான், ஆனால் நல்ல உடம்போடு இருப்பவர்களைப் பொதுவாக ஒன்றும் செய்யாது. கையுறை, கண்ணாடி, கோட்டு எல்லாம் போட்டுக்கொண்டுதான் நிற்கிறேன், தண்ணீர் பாட்டில்கூட உள்ளே கொண்டுபோகக் கூடாது. போதுமா?

இங்கே அமெரிக்காவில் இளங்கலை மாணவர்கள் ஆராய்ச்சி செய்வது புதிதில்லை. ஆனால் வழக்கமான வழி என்னவென்றால், நாமே ஒரு பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதி, உங்கள் லேபில் இடம் உண்டா என்று கேட்க வேண்டும். பத்துப் பேருக்கு எழுதினால் ஒருவர் பதில் போடலாம், போடாமலும் இருக்கலாம். வீட்டில் யாராவது இந்த வழியில் போயிருந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு எப்படிக் கேட்பது, எப்போது கேட்பது எல்லாம் தெரிந்திருக்கிறது. எனக்கு அப்படிக் கேட்கலாம் என்பதே வந்த பிறகுதான் தெரிந்தது. சில லேபில் சம்பளமும் கிடையாது, மதிப்பெண்ணும் கிடையாது, சும்மா வந்து வேலை செய்து கற்றுக்கொள் என்பார்கள். வேலை பார்த்துச் செலவைச் சமாளிக்கிற பிள்ளை அதற்கு எங்கே போவான், சொல்லு.

என் அதிர்ஷ்டம், எங்கள் கல்லூரியில் முதல் வருடப் பாட அட்டவணையிலேயே ஆராய்ச்சி இருக்கிறது. சீ-ஃபேஜஸ் என்ற திட்டம், ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனம் 2008-ல் தொடங்கியது, இப்போது நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் நடக்கிறது. யாரிடமும் கெஞ்ச வேண்டாம், பாடத்தில் பெயர் கொடுத்தாலே ஆராய்ச்சிதான்.

வேலை இதுதான். ஈரமான மண்ணை ஒரு குழாயில் அள்ளிக்கொண்டு, எடுத்த இடம், ஆழம், அன்றைய வெப்பநிலை எல்லாம் நோட்டில் குறிக்க வேண்டும். மண்ணைத் திரவத்தில் கலக்கிக் குலுக்கி, 0.22 மைக்ரோமீட்டர் துளையுள்ள வடிகட்டியில் விட்டால் மண்ணிலிருந்த பாக்டீரியா நின்றுவிடும், ஃபேஜ் கீழே இறங்கிவிடும். அந்த நீரை நம் பாக்டீரியாவோடும் இளஞ்சூட்டில் இருக்கிற அகார் என்ற ஜெல்லிக் கூழோடும் கலந்து தட்டில் ஊற்றி (அகார் ஆறிவிட்டால் கட்டி கட்டியாகப் போய்விடும், அந்த நேரத்தில் யாரும் யாரோடும் பேச மாட்டோம்) 37 டிகிரியில் ஓரிரு நாள் வைப்போம். தட்டு முழுக்கப் பாக்டீரியா புல்தரை மாதிரி வளர்ந்திருக்கும், ஃபேஜ் இருந்தால் அதில் வழுக்கை விழுந்ததுபோல் அங்கங்கே தெளிந்த வட்டங்கள் தெரியும். ஒரே ஒரு ஃபேஜ் ஒரு செல்லுக்குள் போய்ப் பெருகி, அதை வெடிக்கவைத்து, பக்கத்துச் செல்களுக்குப் பரவிப் பரவி உண்டாக்கிய வட்டம். அதற்குள் லட்சக்கணக்கில் ஃபேஜ் இருக்கும்.

வட்டம் தெரிந்ததும் குதித்துவிடக் கூடாது. ஃபேஜே சேர்க்காத தட்டு ஒன்று பக்கத்தில் இருக்கும், அதிலும் வட்டம் வந்திருந்தால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான். அது சுத்தமாக இருந்தால், ஒரு வட்டத்தை மட்டும் தொட்டெடுத்து, பத்து பத்து மடங்காக நீர்க்கவைத்து மறுபடி தட்டில் ஊற்றி, எல்லா வட்டமும் ஒரே மாதிரி வரும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்கிறோம். அலுப்புத்தான், பொய் சொல்ல மாட்டேன். சிலருக்கு மண்ணிலிருந்து ஒன்றுமே கிடைக்காது, அதையும் தேதி போட்டு எழுதி வைக்க வேண்டும். பிராக்டிகல் வகுப்பு என்றால் வரவேண்டிய விடை முன்கூட்டியே தெரியும், வராவிட்டால் வந்ததுபோல் எழுதிவிடத் தோன்றும். இங்கே அப்படி எழுத விடையே கிடையாது, என் மண்ணில் என்ன இருக்கிறது என்று வாத்தியாருக்கும் தெரியாது.

இதனால் யாருக்கு என்ன பயன் என்று அப்பா கேட்பார், அவரிடம் இதைச் சொல்லு. 2010-ல் தென் ஆப்பிரிக்காவின் டர்பனில் ஒரு மாணவி அழுகிப்போன கத்தரிக்காயின் அடியிலிருந்து ஒரு ஃபேஜைப் பிரித்தெடுத்து அதற்கு 'மடி' (Muddy, சேறு படிந்தது என்று அர்த்தம்) என்று பெயர் வைத்தாள். பல வருடம் அது ஃப்ரீசரில் கிடந்தது. அப்புறம் லண்டனில் நுரையீரல் மாற்று அறுவைசிகிச்சை செய்துகொண்ட 15 வயதுப் பெண்ணுக்கு எந்த ஆன்டிபயாடிக்கும் கேட்காத மைக்கோபாக்டீரியத் தொற்று வந்தபோது, பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் கிரஹாம் ஹாட்ஃபுல் குழுவினர் தங்கள் சேமிப்பிலிருந்து தேடிக் கொடுத்த மூன்று ஃபேஜ்களில் அதுவும் ஒன்று. மற்ற இரண்டையும் மரபணு மாற்றித்தான் கொடுத்தார்கள், மடியை இருந்தபடியே கொடுத்தார்கள். தொற்று முழுக்கப் போய்விடவில்லை, ஆனால் புண்கள் ஆறின, உடல் தேறியது. 2019-ல் கட்டுரையாக வந்தது. நான் பிடிக்கிறதும் மருந்தாகும் என்று சொல்லவில்லை, பெரும்பாலானவை ஃப்ரீசரோடு சரி. ஆனால் எது எப்போது தேவைப்படும் என்று யாருக்குத் தெரியும்?

அடுத்த பருவத்தில் கணினி வேலை. ஃபேஜின் டிஎன்ஏவை எழுத்து எழுத்தாக வரிசை படித்துத் தருவார்கள், அதில் ஒவ்வொரு மரபணுவும் எங்கே தொடங்குகிறது, என்ன செய்கிறது என்று நாங்களே குறிக்க வேண்டும். பாதிக்கு மேல் "வேலை தெரியவில்லை" என்றுதான் போடுவார்களாம். தொடக்கப் புள்ளியில் சந்தேகம் வந்தால் ஆசிரியரோடு வாதாடலாம், வாதாடத்தான் வேண்டும் என்கிறார்கள் சீனியர்கள். எனக்கு இன்னும் அதற்கு வாய் வரவில்லை, அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே இப்போதுதான் பழகியிருக்கிறேன்.

கோடை விடுமுறைக்கு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. அரசுப் பணத்தில் நடக்கும் கோடைகால ஆராய்ச்சித் திட்டங்களில் நிறைய, குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இருப்பவர்களுக்கு மட்டும்தான். கல்லூரிப் பணத்தில் நடப்பவை சில இருக்கின்றன, கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்போது உனக்கு ஒரு வேலை. என் ஃபேஜ் ஒருவழியாகச் சுத்தமாகிவிட்டது, வாலோடு அழகாக இருக்கிறது, எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் வந்ததும் அனுப்புகிறேன். கண்டுபிடித்தவர்தான் பெயர் வைக்க வேண்டும், ஏற்கெனவே யாரும் எடுத்த பெயராக இருக்கக் கூடாது, பல்லாயிரம் பெயர் போய்விட்டது. அதனால் மூன்று நான்காக அனுப்பு, வெள்ளிக்கிழமைக்குள் பதிவு செய்ய வேண்டும். அம்மா பெயர் வேண்டாம், வைரஸுக்கு வைத்தாள் என்று ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள்.

அன்புடன்,
உன் தங்கை