மேலிருந்து பார்த்தால் வெள்ளையே இல்லை

அன்பு மகள் செல்விக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் நலம். அப்பாவுக்கு முழங்கால் மட்டும் கொஞ்சம் மக்கர் பண்ணுகிறது.

ஸ்பெயினுக்கு வந்து, கிரானடா நகரில் உன் தம்பியின் அறையிலேயே அடைந்து கிடப்பானேன் என்று சனிக்கிழமை பம்பனெய்ரா என்ற மலைக்கிராமத்துக்குக் கிளம்பினோம். சியரா நெவாடா மலைத்தொடரின் தென்சரிவில் இருக்கிறது. பஸ் வளைந்து வளைந்து ஏறியது. எலுமிச்சம்பழத்தை நான் மூக்கைவிட்டு எடுக்கவே இல்லை.

ஊர் முழுக்கச் சுண்ணாம்பு வெள்ளை. ஒரு தெருவில் நட்டநடுவே வாய்க்கால் சலசலவென்று இறங்குகிறது. பழந்துணியைப் பட்டை பட்டையாகக் கிழித்துத் தறியில் நெய்த விரிப்புகளைச் சுவரெல்லாம் தொங்கவிட்டிருக்கிறார்கள். பெயர் ஹராபா. ஒன்றைப் புரட்டினேன், யாரோ போட்டுக் கழித்த கட்டம்போட்ட சட்டை அதில் இருந்தது. விலை கேட்டேன், விட்டுவிட்டேன்.

1,436 மீட்டர் உயரத்திலுள்ள கப்பிலெய்ரா என்ற மேல் ஊர் வரை நடப்போம் என்றது உன் அப்பாதான். முழங்கால் கதை அதுதான். மேலே போய்த் திரும்பிப் பார்த்தால், வெள்ளையையே காணோம்! அத்தனையும் சாம்பல் நிறத் தட்டைக் கூரை. மர உத்தரம், அதன்மேல் பலகைக்கல், அதற்கும் மேல் ‘லவுனா’ என்ற களிமண். நனைந்தால் உப்பி இறுகிக்கொள்ளும், ஒழுகாது. தேய்பிறையில்தான் போட வேண்டுமாம். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் புகைபோக்கியைப் பார்த்தார்.

இந்தக் கட்டுமுறை இங்கே முஸ்லிம்கள் ஆண்ட காலத்தது. அவர்கள் வழிவந்து கட்டாயமாக மதம் மாற்றப்பட்டவர்கள்தான் மொரிஸ்கோக்கள். 1568 கடைசியில் கலகம் செய்தார்கள்; அரசர் இரண்டாம் பிலிப் அடக்கி ஊரைவிட்டே துரத்தினார். வடக்கேயிருந்து வந்து குடியேறியவர்களுக்கு வாய்க்கால் பாசனம் தெரியாதே! சொல்லிக்கொடுக்க ஊருக்கு இரண்டு பழைய குடும்பங்களை மட்டும் விட்டுவைத்ததாகச் சொல்கிறார்கள். சொந்தபந்தமெல்லாம் போனபின், வந்தவனுக்கு மடை திறக்கக் கற்றுக்கொடுத்தவர்கள். திரும்பி இறங்கும்போதும் அவர்கள் நினைப்புத்தான்.

சாப்பாட்டில் எனக்குக் கிடைத்தது ‘ஏழை வீட்டு உருளைக்கிழங்கு’. வெங்காயம், குடைமிளகாய் போட்டு ஆலிவ் எண்ணெயில் வதக்கியது. கொஞ்சம் மிளகாய்த்தூள் இருந்தால் ஜோர்.

பம்பனெய்ராவில் ஒரு ஊற்று இருக்கிறது. கல்யாண நினைப்போடு குடித்தால் உடனே ஜோடி அமையும் என்று பலகையே வைத்திருக்கிறார்கள். தம்பி பக்கத்திலேயே வரவில்லை. உனக்காக நான் இரண்டு வாய் குடித்தேன். ஒருத்தருக்காக இன்னொருத்தர் குடித்தால் பலிக்குமா என்று எழுதியிருக்கவில்லை. அதனால் ஒரு பாட்டிலும் பிடித்து வைத்திருக்கிறேன்.

அம்மா