சாவியை நான் கொடுக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் இணையத் திருட்டு பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கண்ணாடி போட்டுக்கொண்டு, இரண்டாம் முறை கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு. அதில் ஒரு வரி மனப்பாடமே ஆகிவிட்டது: "ஆசைக்கும் அவசரத்துக்கும் ஆட்பட்ட முதியவர்கள், வீட்டுச் சாவியைத் தாங்களே திருடன் கையில் கொடுத்துவிடுகிறார்கள்." எழுதியவருக்கு முப்பது வயது இருக்குமா? வாழ்க. அவருக்கும் அறுபத்தொன்பது வரும்.

எனக்கு வந்துவிட்டது. சென்னைத் தொலைபேசியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதில் முதல் பதினோரு வருஷம் வெளியூர்க் கால்களைக் கையால் இணைத்துக் கொடுக்கும் ட்ரங்க் எக்ஸ்சேஞ்சில், காதில் ஹெட்செட்டோடு. ஆர்டினரி கால், அர்ஜென்ட் கால், லைட்னிங் கால், பி.பி. கால் எல்லாம் இந்தக் கைதான் போட்டுக் கொடுத்தது. ஆகவே தொழில்நுட்பம் தெரியாத பாட்டி என்று என்னை ஒதுக்கிவிட வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை. விடிகாலை ஐந்தே முக்காலுக்குப் பால் பாக்கெட்டை வெட்டிப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்திருந்தேன். கோயம்புத்தூரிலிருந்து நாத்தனார் போன். "அண்ணி, உங்களுக்கு என்னங்க ஆச்சு? எந்த ஆஸ்பத்திரிங்க?" என்று ஒரே அழுகை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை, பால்தான் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. விசாரித்தால், இரவு இரண்டு மணிக்கு என் மின்னஞ்சலிலிருந்து ஊருக்கெல்லாம் கடிதம் போயிருக்கிறது. அவசர ஆபரேஷனாம். பேச முடியாதாம், போனும் கெட்டுவிட்டதாம், மெயிலில் மட்டும் பதில் போட வேண்டுமாம். இந்த யூபிஐக்குப் பதினெட்டாயிரம் அனுப்பினால் வீடு திரும்பியதும் தந்துவிடுவேனாம். எல்லாம் அழகான ஆங்கிலத்தில்.

என் முகவரிப் பட்டியலில் இருந்த ஒருவரையும் அவன் விடவில்லை. பல் டாக்டருக்குப் போயிருக்கிறது. பேத்திக்கு ஜாதகம் எழுதிய ஜோசியருக்குப் போயிருக்கிறது. தங்கள் பத்திரிகைக்கும் வந்தது, ஆசிரியரே! அதற்குத் தாங்கள் பதிலும் அனுப்பினீர்கள்: "தங்கள் படைப்பு கிடைத்தது. ஆறு வாரத்துக்குள் தகவல் வராவிட்டால் பிரசுரத்துக்கு ஏற்கப்படவில்லை என்று கொள்ளவும்." நான் எழுதிய கடிதங்களுக்கெல்லாம் ஏழு வருஷமாக வரும் அதே வாசகம். திருடனுக்கும் எனக்கும் தாங்கள் வேற்றுமை காட்டவில்லை என்பதை மெச்சத்தான் வேண்டும்.

ஏமாறாதவள் என் எக்ஸ்சேஞ்ச் தோழி ஒருத்திதான். "நீ எனக்கு என்னிக்குடி டியர்னு எழுதியிருக்கே? 'ஏண்டி'ன்னுதானே ஆரம்பிப்பே?" என்றாள். ஆனால் திருச்சியில் இருக்கும் என் அண்ணன் மகன் அன்று காலையிலேயே பதினெட்டாயிரத்தையும் அனுப்பிவிட்டான். ஏண்டா ஒரு வார்த்தை போனில் கேட்கவில்லை என்றால், "போன் கெட்டுப் போச்சுன்னுதானே அத்தை எழுதியிருந்தீங்க? உங்களுக்குன்னா நான் கேள்வி கேட்டுக்கிட்டா இருப்பேன்?" என்கிறான். பணம் வந்ததும் திருடன் அவனுக்கு என் பெயரில் ஆசீர்வாதமும் அனுப்பியிருக்கிறான். என் பென்ஷனிலிருந்து அந்தத் தொகையைத் திருப்பி அனுப்பினேன். அவன் மறுபடி எனக்கே போட்டுவிட்டான். மூன்று தடவை போய்வந்த பிறகு இப்போது என் கணக்கில் கிடக்கிறது, இருவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அந்தப் பிள்ளையிடம் எந்த ஆசை இருந்தது என்று தங்கள் கட்டுரையாளர் சொல்லட்டும்.

நான் எந்த லிங்க்கையும் தொடவில்லை. மாடி வீட்டுப் பையன் ஐடி கம்பெனியில் இருப்பவன். 'ஹேவ் ஐ பீன் போன்ட்' என்ற தளத்தில் என் முகவரியைத் தட்டிப் பார்த்தான். டிராய் ஹன்ட் என்ற ஆஸ்திரேலியர் 2013ல் தொடங்கியது அது. எங்கெங்கோ கசிந்த பட்டியல்களில் நம் முகவரி இருக்கிறதா என்று காசு வாங்காமல் சொல்லும். என்னுடையது இரண்டு பட்டியலில் இருந்தது. எப்போதோ புடவை வாங்க ஒரு இடத்தில் பதிந்திருப்பேன், அங்கே கொடுத்த கடவுச்சொல்லும் மெயிலுக்கு வைத்திருந்ததும் ஒன்றுதான். தவறு அது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்குக் காரணம் மறந்துவிடுமோ என்ற பயம். சமையல் காஸுக்கு ஒன்று, மின்கட்டணத்துக்கு ஒன்று, ரயிலுக்கு ஒன்று, ஏன், தங்கள் குறுக்கெழுத்துப் போட ஒன்று. காகிதத்தில் பென்சிலால் போட்டுக்கொண்டிருந்த குறுக்கெழுத்தை எடுத்துவிட்டு, கணக்குத் தொடங்கி உள்ளே வாருங்கள் என்றவர்கள் தாங்கள்தானே? அங்கேயும் அதே கடவுச்சொல்தான் கொடுத்தேன்.

2013ல் யாகூவில் நடந்த திருட்டு தாங்கள் அறியாததல்ல. 300 கோடி கணக்குகள், அதாவது அப்போது அவர்களிடம் இருந்த அத்தனை கணக்குகளும் பாதிக்கப்பட்டன என்று 2017ல்தான் அந்த நிறுவனம் சொன்னது. அந்த 300 கோடியும் ஆசைபிடித்த கிழவிகளுடையவையா?

ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கட்டுரையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். நல்லது. கட்டுரையாளர் வீட்டுக்கு சிலிண்டர் வருவதில்லை போலும். எங்கள் வாசலில் சிலிண்டரை இறக்கிவிட்டு, "அம்மா, ஓடிபி சொல்லுங்க" என்றுதான் நிற்கிறார்கள். எந்த ஓடிபியைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லக் கூடாது என்று நாலு வரி எழுதியிருந்தால் வெட்டி ஒட்டி வைத்திருப்பேன். அதற்குப் பதில், முக்காடு போட்டுக்கொண்டு கணினி முன் உட்கார்ந்திருக்கும் திருடன் படத்துக்கு அரைப் பக்கம். எந்தத் திருடன் வீட்டுக்குள் முக்காடு போட்டுக்கொண்டு வேலை செய்கிறான்?

போன கணக்கை எப்படி மீட்பது என்று அந்தக் கட்டுரையில் ஒரு எழுத்து கிடையாது. நான் பட்டதைச் சொல்கிறேன். கணக்கைத் திரும்பப் பெறக் குறியீடு வரும் போன் எண்ணை, அதாவது மீட்பு எண்ணை, அவன் மாற்றிவிட்டிருந்தான். ஜிமெயிலில் அப்படி மாற்றினாலும், ஏழு நாள் வரை பழைய எண்ணுக்கே குறியீடு வரவழைக்க வழி உண்டு. மாடிப் பையன் முதலில் அவன் ஆபீஸ் கணினியிலிருந்து முயன்றான், நீங்கள்தான் என்று உறுதிசெய்ய முடியவில்லை என்று வந்துவிட்டது. வழக்கமாகப் பார்க்கும் கருவியிலிருந்து, வழக்கமான இடத்திலிருந்து முயல வேண்டுமாம். மூலையில் கண்ணாடி விரிசல் விட்ட என் பழைய டேப்லெட்டில், கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து ஆறாம் நாள் முயன்றோம். திறந்துவிட்டது.

கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் கடிதங்கள் காணாமல் போயின. நாத்தனார் அனுப்பியது வரவில்லை, வங்கி அனுப்பியதும் வரவில்லை. டெலிபோன்காரியாக எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது: பேரலல் லைன் போட்டிருக்கிறான்! பையனை செட்டிங்ஸைப் பார்க்கச் சொன்னேன். எனக்கு வரும் கடிதமெல்லாம் வேறொரு முகவரிக்கு நகல் போகும்படி செய்திருந்தான். பணம், வங்கி என்ற சொல் இருந்தால் நேரே குப்பைக்குப் போகும்படி ஒரு வடிகட்டியும் வைத்திருந்தான். அந்த நாளில் வீட்டுக்குப் பின்பக்கச் சுவரில் திருட்டு இணைப்பு கொடுப்பார்கள், முன்பக்கம் எத்தனை பூட்டுப் போட்டாலும் பில் ஏறிக்கொண்டே இருக்கும். அதே வித்தைதான். இரண்டையும் நீக்கி, மற்றக் கருவிகளையெல்லாம் வெளியேற்றி, கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு குறியீடும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பு போட்டோம். அவசரத்துக்கென்று வந்த பத்து எண்களை எழுதி அரிசி டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். அதையும் ஆசை என்பாரோ என்னவோ.

காவல் நிலையத்துக்குப் போனேன். எது என்று சொல்லவில்லை, சொன்னால் மட்டும் தாங்கள் போட்டுவிடப் போகிறீர்களா? "பணம் போச்சாம்மா?" என்றார் எழுத்தர். எனக்குப் போகவில்லை, என் பெயரைச் சொல்லி அண்ணன் மகனிடம் வாங்கிவிட்டான் என்றேன். "அப்ப அவர்தான் வரணும். உங்களுக்கு ஒண்ணும் போகலையே." மின்விசிறிக்குக் கீழே பத்து நிமிஷம் நின்றுவிட்டுத் திரும்பினேன். அடுத்தவர் கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்தினாலே தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். பணம் போயிருக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. இணையப் பண மோசடியைப் புகார் செய்யும் உதவி எண்ணான 1930க்கு திருச்சிப் பையன் பேசினான், ஆனால் மூன்று நாள் கழித்து. அதற்குள் பணம் கைமாறிவிட்டிருந்தது. உடனே பேசியிருந்தால் வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. அந்த 1930 என்ற நாலு இலக்கம் தங்கள் கட்டுரையில் ஒரு இடத்திலும் இல்லை. முக்காட்டுக்காரனின் நெற்றியிலாவது அச்சிட்டிருக்கலாம்.

ட்ரங்க் எக்ஸ்சேஞ்சில் எத்தனையோ வீட்டு ரகசியம் என் காதைத் தாண்டிப் போயிருக்கிறது. கல்யாணம் நின்றது, சாவு, கடன். ஒன்றையும் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. 1885ஆம் வருஷத்துத் தந்திச் சட்டத்தில் அதற்கும் மூன்று ஆண்டு சிறை உண்டு என்று சேர்ந்த வாரமே சொல்லிவிட்டார்கள். அப்படி வேலை பார்த்தவளின் இருபது வருஷக் கடிதங்களை எவனோ உட்கார்ந்து படித்திருக்கிறான். என் கணவர் ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கு அனுப்பிய கடைசி மெயிலும் அதில் உண்டு. "மோர் கொண்டு வா" என்ற ஒரு வரிதான். அதையும் படித்திருப்பான்.

முன்பொரு முறை எங்கள் தெரு நடைபாதை பற்றி நான் எழுதிய நாலு பத்தியை மூன்று வரியாக்கி, "நடைபாதை வேண்டும்" என்று மட்டும் போட்டீர்கள். இதையும் அப்படிச் செய்வதானால் 1930 என்ற எண்ணும், ஏழு நாள் கெடு பற்றிய வரியும் மட்டும் நின்றால் போதும்.

மற்றபடி கேட்பது இவ்வளவுதான். தங்கள் பட்டியலில் இருக்கும் என் பழைய மின்னஞ்சல் முகவரியை எடுத்துவிடவும். அதிலிருந்து என் பெயரில் கவிதை ஏதாவது வந்திருந்தால் அது என்னுடையது அல்ல. கடிதங்கள் மின்னஞ்சலில் மட்டும் என்று போட்ட நாளாகக் கடிதப் பக்கத்தில் தபால் முகவரி இல்லை. கடைசிப் பக்கத்தின் அடியில், அச்சிட்டு வெளியிடுபவர் விவரத்தோடு எறும்பு எழுத்தில் இருக்கிறது, பூதக்கண்ணாடி வைத்துக் கண்டுபிடித்தேன். அதைக் கடிதப் பக்கத்தில் கொஞ்சம் பெரிதாகப் போடவும். பதிவுத் தபாலையும் 2025ல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள், அதனால் இதை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புகிறேன். ரசீது என்னிடம் இருக்கிறது.

பெயரைப் போட வேண்டாம். அது இப்போதுதான் கைக்குத் திரும்பி வந்திருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொலைபேசி ஊழியர்,
அயனாவரம், சென்னை - 600 023